வட்டியும் முதலும்

தோள்பட்டையில் ஆபரேஷன். கழுத்தோரம் நரம்பருகே ஊசி போட்டதும், யாரோ வைத்துவிட்டுப் போன தலையணை மாதிரி கிடந்தது என் கை. ‘வலியே இல்லையே, மாத்திரை எதுக்கு?’ என்று நர்ஸிடம் வீரம் பேசினேன். ஊசிக்கு ஆயுள் சுமார் 12 முதல் 18 மணி நேரம்தானாம். ராத்திரி 3 மணிக்கு வட்டியும் முதலுமாக வந்து நின்றது வலி. அலறிவிட்டேன். பி.காம். படித்து என்ன புண்ணியம்? ஒத்திவைத்த கடனைத் தள்ளுபடி என்று நினைத்துவிட்டேனே!

‘‘ஊசியோட டெக்ஸாமெத்தசோன் சேர்த்தா இன்னும் சில மணி நேரம் தாங்கும். ஆனாலும், மரப்பு விலகுறதுக்கு முன்னாடியே மாத்திரையை ஆரம்பிச்சிடணும் சார்’’ என்றார் மயக்க மருந்து டாக்டர்.

மறுநாள் பக்கத்து பெட்டுக்கு வந்த பெரியவருக்கும் தோள்தான். ‘‘எனக்கு வலியே இல்லை தம்பி’’ என்று சிரித்தார். ‘‘முதல்ல மாத்திரையைப் போடுங்கய்யா!’’ என்றேன். முறைத்துக்கொண்டே விழுங்கினார்.

ராத்திரி 3 மணிக்கு விழித்துப் பார்த்தேன். குறட்டை!