மெழுகாய் இருக்கையிலே

தீபாவளி விடுமுறைக்குச் சுவாமிமலை வந்த மகன், ஒரு பெட்டியையும் கொண்டுவந்தான். உள்ளே பால்சா மரத் தகடுகளும் வரைபடமும். பொருத்தி முடித்தால், வானொலி அலையால் இயங்கிக் குட்டிக்கரணமடிக்கும் மாதிரி விமானம். தமிழ் படிக்கச் சொன்னதை மறுத்துப் பொறியியலுக்குப் போனதிலிருந்து எம்மிடம் அளந்தே பேசுபவன் அவன். திருத்தக்கதேவரின் மயிற்பொறியை ஆண்டுதோறும் வகுப்பில் பறக்கவிடும் நாம், கூடத்தில் ஒரு பறக்கும் பொறி உருவாவதைக் கதவருகே நின்றே பார்த்தோம்.

கரணம் கூர்மையாக வேண்டுமென்று வாலின் அசையும் பலகைகளைப் பெரிதாக்கினான். வால் கனத்தது, எடைமையம் பின்னே நகர்ந்தது. அப்படிப் பறக்கும் விமானம் மூக்கைத் தூக்கி, கட்டுக்கு அடங்காமல் விழும் என்று அவனே சொன்னான். ஆயினும் பிரித்துச் செய்ய மனமில்லை.

பக்கத்து வீட்டு ஸ்தபதியிடம் அழைத்துப்போனோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் பஞ்சலோகம் வார்ப்பவர். இறக்கைகளின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கினார். வால் சரிந்தது.

"தம்பி, மெழுகா இருக்கறப்பவே திருத்திடணும். வார்த்தப்புறம் உளிக்குத்தான் வேலை" என்றார்.

அன்றிரவு மகன், மின்கலத்தை மூக்கருகே நகர்த்த அறை வெட்டினான். தகட்டைப் பிடித்துக்கொள்ள எம்மை அழைத்தான்.

பொங்கலுக்கு மறுவாரம், சம்பா அறுத்த வயலில் விமானம் எழுந்தது. ஒரு வட்டக் கரணம். பிறகு வைக்கோல்மேல் விழுந்தது. இறக்கையில் விரிசல். "ஒட்டிடலாம்ப்பா" என்றான்.

விசயையின் மயிற்பொறி இறங்கிய இடம் சுடுகாடு. அப்பகுதியை இனி நடத்தும்போது எமக்கு வைக்கோல் வாசமும் வரும்.