வரைபடத்தில் அழித்த ஆறடி

சாலை வடிவமைப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மாவட்டச் சாலை. 5.5 மீட்டர் தார் அகலத்தை 7 மீட்டராக்க வேண்டும். வழியில் ஒரு மேல்நிலைப் பள்ளி. வாகனக் கணக்கெடுப்புத் தாள் என் மேஜைக்கு வந்தது. எங்கள் கணக்கில் கார் என்றால் 1, லாரியும் பஸ்ஸும் 3, சைக்கிள் 0.5. நடந்து போகிறவருக்கு எண்ணே இல்லை. தாளை மட்டும் பார்த்தவர், அங்கே யாரும் நடப்பதில்லை என்றே நினைப்பார். நான் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. நேரில் போயிருந்தேன். காலை எட்டே முக்காலுக்கு ரோட்டோர மண்ணில் பிள்ளைகள் சாரிசாரியாக வந்தார்கள். பாதிப் பேர் நடை, பாதிப் பேர் அரசு கொடுத்த சைக்கிள்.

அதனால் முதல் வரைபடத்தில் பள்ளியை ஒட்டி நடைபாதையும், தாருக்கும் அதற்கும் நடுவே சைக்கிளுக்கு ஒரு பட்டையும் போட்டேன். நடைபாதை 1.8 மீட்டர், அதாவது ஆறடி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலமே அதுதான். மதிப்பீட்டுத் தொகை ஏறியது. இரண்டையும் நானே அழித்தேன். அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேலே போனால் கோப்பு கேள்விகளோடு திரும்பும், பதில் எழுத வேண்டும் என்று முன்கூட்டியே பயந்தேன். ஊர்க்காரர்கள் விசாரித்தபோது, "மேலிடத்தில் வெட்டிட்டாங்க" என்றேன். அது பொய்.

இலவசச் சைக்கிள் திட்டம் 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. சைக்கிள் கொடுப்பது ஒரு துறை, சாலை போடுவது இன்னொரு துறை. இரண்டும் சந்தித்திருக்க வேண்டிய இடம் என் மேஜை. நடைக்கும் சைக்கிளுக்கும் மாநிலம் முழுவதற்கும் ஒரே திட்டம் வேண்டும் என்று இன்று கூட்டங்களில் பேசுகிறேன். மனதாரத்தான் பேசுகிறேன். ஆனால் பேனா கையில் இருந்தபோது அரை கிலோமீட்டருக்குக்கூட அதைச் செய்யாதவன் நான்.

போன ஐப்பசியில் அந்தப் பக்கம் போனேன். தார் விளிம்பில் மழை மண்ணை அரித்து ஒரு சாண் பள்ளம். பின்னால் லாரி ஹார்ன் அடிக்க, ஒரு பெண் சைக்கிளிலிருந்து குதித்து வண்டியைப் பள்ளத்தில் இறக்கினாள். லாரி போன பிறகு ஏற்ற முடியவில்லை. கேரியரில் இருந்த பை சரிந்தது. பின்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

"ரொம்ப தேங்க்ஸ் தாத்தா" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனாள்.

அவள் இறங்கி நின்ற இடம்தான், என் முதல் வரைபடத்தில் சைக்கிள் பட்டை.