அப்பாவிடம் யோசனை கேள்

எண்ணூர்,
18.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். நானும் 'நல்லா இருக்கார்' என்று முடித்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, அன்றிலிருந்து அவர் பழைய ஆளாக இல்லை. கொசஸ்தலை ஆற்றில் மிதந்ததை நம் ஆட்கள் வாளியால் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அப்பாவும் இறங்கினார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் அந்தக் கருப்பு பல நாள் போகவில்லை. வலை முழுக்கப் பாழ். அரசாங்கம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அறிவித்தது. பணம் ஒரு பக்கம். "எண்ணூர் எறாவா?" என்று கேட்டுவிட்டு அம்மாவின் கூடையைத் தொடாமல் ஒருவர் நகர்ந்தார், அதை அப்பா நின்று பார்த்தார். அதுதான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம் தூக்கம் போயிற்று. இரவு 2 மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சோறு பாதியில் நிற்கும். கேட்டால் நெஞ்சு பாரம், முதுகு வலி. இசிஜி எடுத்ததில் ஒன்றுமில்லை. கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் பார்த்து, இது மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிறவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. மாமா வந்து, "கடலுக்கே போய் வந்த ஆம்பள, இதுக்கா மச்சான் உக்காந்துட்டீங்க?" என்றார். தைரியம் சொல்வதாக அவருக்கு நினைப்பு. அன்று அப்பா சாப்பிடவே இல்லை.

எதிர்வீட்டு அண்ணன் அப்படி இல்லை. சாயங்காலம் கிழிந்த வலையோடு வருவார். "சித்தப்பா, இந்த இடம் எனக்குச் சரியா வரல, கொஞ்சம் பாருங்க" என்பார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். முதலில் அப்பா வலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு ஒருநாள் வலை ஊசி கேட்டார். இப்போது அந்த அண்ணன் வரத் தாமதமானால் வாசலைப் பார்க்கிறார்.

இதைச் சொன்னபோது எங்கள் சுகாதார நிலைய நர்ஸம்மா ஒன்று சொன்னார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, சென்னையில் உள்ள சினேகா அமைப்பின் தன்னார்வலர்கள், உறவைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார்களாம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், யாரும் அப்படிப் போகாத இன்னொரு கடலோரப் பகுதியைவிட அங்கே மனச்சோர்வு குறைந்திருந்ததாம். நம் குப்பத்தில் சாவென்றால் ஊரே கூடும். பதினாறாம் நாளுக்குப் பிறகு வருகிற ஆள்தான் குறைவு. அப்பாவுக்கு வந்த கஷ்டத்தில் சாவும் இல்லை, பதினாறும் இல்லை. ஊருக்கு எப்போது கூடுவது என்றே தெரியவில்லை.

ஒரு ராத்திரி, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்றார். எனக்குக் கை கால் ஆடிவிட்டது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா அப்பா என்று நேராகவே கேட்டேன். அழுதார். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். டெலி மானஸ் நம்பர் 14416 சுவரில் ஒட்டியிருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், காசில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். லீவு நாளில் அவருக்கே போன் போடு. மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா என்று ஆரம்பிக்காதே. ஊருக்கு வந்து ஃபைபர் படகு வாங்கலாமா என்று யோசித்தாயே, அதைக் கேள். எந்த எஞ்சின் தாங்கும், பழையதென்றால் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்று கேள். பதில் வரத் தாமதமாகும். போனை வைத்துவிடாதே. அடுத்த வாரமும் கூப்பிடு.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவை. டிக்கெட் எடுத்த பிறகு அவரிடம் சொல், அதற்கு முன்னால் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா