ஃபயான்ஸும் ஃபியூஸ் கேரியரும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, மெருகிட்ட மண்தட்டுக்கு ‘ஃபயான்ஸ்’ என்று மனப்பாடம் செய்தேன். அது இத்தாலியிலுள்ள ஃபயென்சா என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பது, எழுபதைத் தாண்டி மகளோடு அங்கே போனபோதுதான் தெரிந்தது.

1908-இல் தொடங்கிய அவர்களது பீங்கான் அருங்காட்சியகம் 1944-இல் குண்டுவீச்சில் நொறுங்கியது. பல நாடுகள் அனுப்பிய கலங்களோடு மீண்டும் எழுப்பிவிட்டார்கள்.

எங்கள் விருத்தாசலத்திலும் பீங்கான்தான் பலருக்குப் பிழைப்பு. வெள்ளைக் களிமண், சூளை, பொம்மை, ஃபியூஸ் கேரியர். எத்தனையோ வீடுகளின் மெயின் போர்டில் அது இருந்தது. ஊர்ப்பெயரை யார் கேட்டார்கள்? இப்போது அந்த இடத்துக்கு எம்.சி.பி. வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும், எலக்ட்ரீஷியன் கழற்றிப் போட்டிருந்த பழைய ஃபியூஸ் கேரியரைக் கழுவி அலமாரியில் வைத்தேன். கீழே ‘விருத்தாசலம்’ என்று ஒரு சீட்டு.

“இது என்ன தாத்தா?” என்றான் பேரன்.

சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.