கடலில்லா ஊர்களிலிருந்து கப்பல் அறை தேடி

விழுப்புரத்துக்கும் கடல் இல்லை. திண்டிவனத்துக்கும் கடல் இல்லை. திண்டிவனத்தார் அலையோசை கேட்க வேண்டுமாயின் கிழக்கே உப்பளங்களைக் கடந்து மரக்காணம் செல்ல வேண்டும். விழுப்புரத்தாருக்குப் புதுவைக் கடற்கரையே துணை. ஆயினும் பயணம் என்பது இவ்விரு ஊர்களுக்கும் பிறவிக் குணம். திண்டிவனம் நாற்புறச் சாலைகளும் கூடும் இடம். விழுப்புரமோ தென்னகத்தின் பெரிய ரயில் சந்திப்புகளுள் ஒன்று. பேருந்து நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் கலையில் நம்மவரை விஞ்சுவோர் அரியர். எத்தனை திறமை இருந்தாலும் கப்பலின் சன்னலில் துண்டு போட இயலாது என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

2022-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பலைத் தமிழக முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தார் நடத்தும் அக்கப்பல் 2023 ஜூனில் இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்று வந்தது. அதன்பின் நம் பங்குகளிலும் கப்பற்பயணப் பேச்சு தலைகாட்டத் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர், வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளின் பெற்றோர், திருமண வெள்ளி விழாவும் பொன்விழாவும் காண்போர் எனப் பலர் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று கேட்கும் கேள்வி ஒன்றே: "எந்த அறை நல்ல அறை?"

இக்கேள்வி நம் மாவட்டத்தாருக்கு முற்றிலும் புதிதன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' வண்டி திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கே இறங்கியோர் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் ரயிலில் கொழும்பு சென்றனர். 'இர்வின்', 'கோஷன்' என்னும் நீராவிக் கப்பல்கள் அவ்வழியில் நெடுங்காலம் உழைத்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும் அவ்வழி அறுந்தது.

மலேயாவுக்குச் சென்றோர் ஏறியது 'ரஜூலா'வில். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அறை ஏது? திறந்த தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, எந்தப் பக்கம் காற்று, எந்தப் பக்கம் புகை என்று பார்த்து இடம் பிடிப்பதே அவர்கள் அறிந்த 'முன்பதிவு'. எழுபதுகளில் அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீவிபத்துக்குள்ளாயிற்று. அத்துடன் சென்னை–சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் என்பது பழங்கதையாகிவிட்டது. அந்நாளில் கப்பலேறியவர் பிழைப்புக்காக ஏறினர். இந்நாளில் ஏறுவோர் இளைப்பாற ஏறுகின்றனர். வேறுபாடு பெரிது. எனினும் கடல் அதே கடல்தான்; அதன் ஆட்டமும் அதே ஆட்டந்தான்.

அறைகளைப் பொதுவாக நான்கு வகையாகச் சொல்லலாம். கப்பலின் நடுவயிற்றில் அமைந்த, சன்னலே இல்லாத உள்ளறை. கண்ணாடிச் சன்னல் வழியே கடலைக் காணும் அறை. சிறு பால்கனியுடன் கூடிய அறை. வரவேற்பிடமும் படுக்கையிடமும் தனித்தனியே அமைந்த 'சூட்' என்னும் பேரறை. வரிசைப்படி கட்டணம் ஏறும். உள்ளறையே மலிவு. அதில் விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவே. உறக்கம் வராதோர்க்கு அது நன்மை. மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்வோர்க்குப் பெருந்துன்பம். சன்னலறை என்று எழுதியிருந்தாலும், உயிர்காப்புப் படகு சன்னலை மறைத்து நிற்கும் அறைகளும் உண்டு. பதிவு செய்வதற்கு முன் இதைக் கேட்டே தெளிய வேண்டும். இல்லையேல் கடலுக்குப் பதிலாகப் படகின் அடிவயிற்றையே மூன்று நாள் பார்த்திருக்க நேரும்.

விலை உயர்ந்ததே சிறந்தது, உயரத்தில் உள்ளதே உயர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கப்பலைப் பொறுத்தவரை இது சரியன்று. நம் ஊர்க் காட்சிகள் இரண்டை நினைத்துப் பார்த்தாலே போதும். பழைய ஏற்றத்தைக் கண்டவர் இன்னும் சிலர் இருப்பர். ஏற்றமரத்தின் இரு முனைகளும் மேலும் கீழுமாகப் பாயும். அது தாங்கப்பட்ட நடு இடமோ அசைவின்றி நிற்கும். கப்பலின் முன்கோடியும் பின்கோடியும் அலையில் அவ்வாறே ஏறி இறங்குகின்றன. நடுப்பகுதி அடங்கி நிற்கிறது. அடுத்து, மரக்காணம் சாலையோரப் பனையைப் பாருங்கள். காற்றடிக்கையில் கொண்டை ஆடும் ஆட்டம் அடிமரத்தில் இல்லை. கப்பல் பக்கவாட்டில் சாயும்போது மேல்தளத்தார் படும் அலைக்கழிவு கீழ்த்தளத்தாருக்கு இல்லை. ஆகவே தலைசுற்றல், வாந்தி உள்ளவர்க்கு உகந்தது கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் அமைந்த அறை. பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை சென்றவர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அறையைத் தேர்பவர் தளங்களின் வரைபடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். எந்த அறை எங்கே உள்ளது என்பதை எண்ணோடு காட்டும் படம் அது. அதில் நம் அறையை மட்டும் பார்ப்பது போதாது. மேலே என்ன, கீழே என்ன என்றும் பார்க்க வேண்டும். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே சமையற்கூடம் இருந்தால் விடியுமுன்பே பாத்திர ஓசை. கீழே ஆட்டபாட்ட அரங்கு இருந்தால் நள்ளிரவு கடந்தும் இரைச்சல். முன்கோடியில் நங்கூரச் சங்கிலியின் ஓசையும், பின்புறக் கீழ்த்தளங்களில் இயந்திரத்தின் அதிர்வும் கேட்கும். பக்கத்து அறைக்கு இடைக்கதவு உள்ள அறை ஒரே குடும்பத்தார்க்கு வசதி. அயலார்க்கு அவர்கள் பேச்செல்லாம் நம் காதில். மின்தூக்கிக்கு எதிரே அறை வேண்டா; அதற்காகத் தொலைவிலும் வேண்டா. 'எம்பிரஸ்' ஏறத்தாழ 210 மீட்டர் நீளமுள்ளது. ஒன்பது ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திய நீளம் அது. மூட்டுவலி உள்ள ஒருவர் மூன்று வேளையும் அந்நீளம் நடந்து உணவறைக்குச் செல்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

திண்டிவனத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் பெற்றோரின் திருமணப் பொன்விழாவுக்காக இப்பயணத்தை மேற்கொண்டனர். ஆறு பேர், மூன்று அறைகள். சென்னையிலுள்ள பயண ஏஜெண்டு ஒருவர், "அறை உறுதி, எண் மட்டும் பிறகு வரும், கட்டணம் குறைவு" என்றார். இம்முறையில் வகையை மட்டுமே நாம் குறிப்பிடுகிறோம். இடத்தைக் கப்பல் நிறுவனமே முடிவு செய்யும். இளைஞர்க்கு இது நல்ல பேரமே. இவர்களுக்கோ மூன்று அறைகளும் மூன்று தளங்களில் அமைந்தன. பெரியவர்களுக்கு வாய்த்தது முன்கோடி அறை. முதல் இரவே கடல் சற்றுக் கொந்தளித்தது. எழுபத்தைந்து வயதான அம்மையாரால் தலையைத் தூக்க இயலவில்லை. ஐயா மகனைத் தேடிப் புறப்பட்டார். ஒன்றுபோலவே தோன்றும் நடைவழிகளில் திசை தப்பி, நெடுநேரம் கதவு எண்களைப் படித்தவாறே சுற்றிக்கொண்டிருந்தார். இறுதியில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவரைக் கைத்தாங்கலாக மகனிடம் சேர்த்தார்.

மகனின் அறை நல்வாய்ப்பாக நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தது. "அம்மா, நீங்களும் அப்பாவும் இங்கே வந்துவிடுங்கள்" என்று அவரும் மனைவியும் விடிந்ததும் அறையை மாற்றிக்கொண்டனர். வரவேற்பு அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டிலும் மாற்றினர். இது முக்கியம். ஆபத்து நேரத்தில் எவர் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அறை எண்ணைக் கொண்டே குறிக்கப்படுவதால், சொல்லாமல் மாறுவது தவறு. அன்று பகலில் அம்மையார் எழுந்து கஞ்சி குடித்தார். மாலையில் இருவரும் தளத்தில் அமர்ந்து கடலைப் பார்த்தனர். பொன்விழாப் புகைப்படம் அப்போது எடுத்ததே.

அறையை விட்டுக்கொடுத்தல் கடற்பயண வரலாற்றில் புதிதன்று. புனித சவேரியார் 1541 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து ஆளுநரின் கப்பலில் புறப்பட்டவர். தமக்கு அளிக்கப்பட்ட அறையை நோயாளிகளுக்கு ஒதுக்கிவிட்டுத் தாம் தளத்தில் படுத்துறங்கினார் என்று அவர் வரலாறு கூறுவதை நம் இல்லங்களில் பலரும் கேட்டிருப்போம். அவர் கோவா சேர்ந்தது 1542 மே மாதத்தில். ஓராண்டுக்கும் மேல் அப்பயணம்! புனித சின்னப்பர் உரோமைக்குச் சென்ற கப்பலிலோ 276 பேர் இருந்தனர். புயலில் சிக்கிய அவர்களுள் எவர் அறையைப் பற்றி நினைத்திருப்பார்?

ஐயாவுக்கு வழிகாட்டிய அந்தப் பணியாளர் போன்றோர் உறங்குமிடத்தையும் சொல்ல வேண்டும். பயணக் கப்பல்களில் ஊழியருள் பலர் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ, சன்னலற்ற சிற்றறைகளில், இருவரும் அதற்கு மேற்பட்டோருமாகத் தங்குகின்றனர். மாதக்கணக்கில் அதுவே அவர்தம் இல்லம். கப்பல் தொழிலாளருக்காக 1920-இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய கடலோர் திருத்தூதுப் பணி, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் பெயரில் உலகத் துறைமுகங்களில் இயங்குகிறது. ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது.

இனி முன்பதிவு. இக்கப்பல் ஆண்டு முழுதும் சென்னையிலேயே நிற்பதன்று. சில மாதங்களே இங்கிருந்து புறப்படுகிறது. எனவே அறைக்கு முன் தேதி. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் எவ்வாறிருக்கும் என்று நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் வந்த 'தானே'யும், 2024 நவம்பர் இறுதியில் வந்த 'பெஞ்சல்' புயலும் மறக்கக் கூடியனவா? பின்னதில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. துறைமுகங்கள் மாறுவதும் உண்டு: 2022 ஜூனில் புதுவையைக் காட்டுவதாகச் சொல்லிப் புறப்பட்ட கப்பலுக்கு, அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்குரியது. தனியாகச் செல்பவர் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே செலுத்த நேரலாம். வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்த்து முழுத்தொகை என்ன, பயணத்தை விலக்கினால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெறுவது நன்று. நால்வர் அறையில் இரண்டு படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேற்படுக்கைகள். ஏணியில் ஏற வேண்டும். அவை பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு, தாத்தாவுக்கு ஆகாது. குளியலறை வாயிற்படி உயர்ந்திருக்கிறதா என்றும் கேட்கலாம். சக்கர நாற்காலி செல்லும் அறைகள் எண்ணிக்கையில் சிலவே. அவை முதலில் தீர்ந்துவிடும். அறை எண் சீட்டில் அச்சாகிக் கைக்கு வரும்வரை ஏஜெண்டை விடக் கூடாது.

கப்பலில் குருவானவர் இருப்பார் என்று எண்ண வேண்டா. ஞாயிறு கடலில் கழியுமாயின், புறப்படும் நாள் சனியாயிருந்து நேரம் இடந்தந்தால் முதல்நாள் மாலைத் திருப்பலி கண்டு செல்லலாம்; அன்றேல் வாரநாள் பயணத்தைத் தேர்வது எளிது, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. சூதாட்ட அரங்கும் மதுக்கடையும் கப்பலில் உண்டு. பிள்ளைகளோடு செல்பவர் அவற்றின் வாயிலுக்கு அருகிலுள்ள அறையைத் தவிர்ப்பது நம் கருத்து.

இத்தனை செலவு இயலாதென்போர்க்கும் கடல் மூடியிருக்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் 'சிவகங்கை' என்னும் கப்பலால் மீண்டும் நடந்தது. மழைக்காலத்தில் அது நிறுத்தப்படும். ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அதில் அறை இல்லை; இருக்கைகளே. சுமார் நான்கு மணி நேரப் பயணத்துக்கு அது போதும். இங்கும் நடு இருக்கையே நல்லது. விழுப்புரத்தில் காரைக்கால் வண்டியேறினால் நாகையிலேயே இறங்கலாம். வேளாங்கண்ணி அன்னையைத் தரிசித்துவிட்டும் கப்பலேறலாம். இலங்கைக்குக் கடவுச்சீட்டு தேவை. நுழைவு அனுமதியின் அன்றைய விதிகளையும் அறிந்து செல்ல வேண்டும்.

சென்னையில் கப்பலேறுவோர் முதல்நாளே சென்று தங்குவது மேல். எழும்பூர் வரை ரயிலில் சென்றால் துறைமுகம் அருகே. பேருந்தில் செல்பவர், தென்மாவட்ட வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்துடன் நின்றுவிடுவதை மறத்தல் ஆகாது. அங்கிருந்து துறைமுகம் செல்லவே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. பெட்டிகளில் பெயரும் அறை எண்ணும் எழுதி ஒட்டுக. மருந்துகளையும் மூக்குக் கண்ணாடியையும் கைப்பையில் வைத்துக்கொள்க. பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகலாம்.