குழல் மாற்றும்வரை காத்திருக்கலாமா?



சென்ற இடவப்பாதி மழையின்போது என் தங்கை மகன் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தான். 50 மீட்டர் ரைபிள் போட்டிகளுக்குப் பயிற்சி பெறும் இளைஞன் அவன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது முதல் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. மூத்த வீரர் ஒருவரிடமிருந்து முறையான உரிமத்தோடு பழைய .22 ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறான்.

மதரஸா ஆசிரியரிடம் துப்பாக்கியைப் பற்றி என்ன கேள்வி என்று நீங்கள் நினைக்கலாம். என் வாப்பா மரவேலை செய்தவர். ஓதப் போவதற்கு முன் நானும் அவரோடு உளி பிடித்தவன். அவன் கேள்வியோ மரத்தைப் பற்றியது. குறிபார்த்து எய்யும் கலையும் நமக்கு அந்நியமன்று. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், அவர்களுடைய மூதாதை இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளர் என்று நினைவூட்டி ஊக்கப்படுத்தியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அம்புகளோடு பள்ளிவாசலுக்கு வருபவர் பிறர்மீது பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கற்பித்ததும் அவர்களே. ஆகவே, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருவரும் தனித்தனியே பார்த்துக்கொண்ட பிறகுதான் பேச்சைத் தொடங்கினோம்.

“மாமா, வெயில் நாளில் ஒரே இடத்தில் விழும் குண்டு, மழை தொடங்கியதும் தள்ளி விழுகிறது” என்றான்.

50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அகலம். மயிரிழை பிசகினாலும் புள்ளி போய்விடும்.

ரைபிளில் மூன்று பகுதிகளைக் கவனித்தால் போதும். குண்டு வெளியேறும் குழல். தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும் பொறி அடங்கிய உலோகப் பகுதி (இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள்). இவற்றைத் தாங்கும் மரக்கட்டை. ஆக்‌ஷன் கட்டைக்குள் அமர்ந்து திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். குழல் ஆக்‌ஷனோடு பிணைந்து முன்னால் நீளும். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகள் நிலையில் இறுகுவதைப்போல, துப்பாக்கிக் கட்டையும் ஈரம் குடித்து உப்புகிறது. அப்போது அது ஆக்‌ஷனை ஒரு பக்கம் நெருக்கும்; குழலையும் தொட்டு அழுத்தும்.

அவன் முன் திருகாணியைத் தளர்த்தினான். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் நான் விரலை வைத்திருந்தேன். திருகாணி தளரத் தளரக் குழல் மேலெழுவது விரலில் தெரிந்தது. இருக்கை சமமாக இல்லை. திருகாணிகள்தாம் உலோகத்தை வளைத்துப் பிடித்திருக்கின்றன என்பது அதன் பொருள்.

இதற்கு மருந்து ‘பெடிங்’. கட்டையின் உட்புறத்தைச் சிறிதளவு செதுக்கி, அங்கே எபாக்ஸிப் பசையை இடுவார்கள். உலோகம் ஒட்டிக்கொள்ளாதிருக்க அதன்மேல் மெழுகு பூசிப் பசையின்மீது அமர்த்துவார்கள். பசை இறுகியதும் ஆக்‌ஷனின் அச்சு அப்படியே படிந்த இருக்கை கிடைக்கும். திருகாணி செல்லும் துளைகளில் அலுமினியக் குழாய்களைப் பதித்துவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காது. குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி நுழையும்படி இடைவெளி விடுவார்கள்.

இவையெல்லாம் அவனுக்கும் தெரிந்தே இருந்தது. “ஆனால் மாமா, குழல் பழசு. எப்போதாவது மாற்றத்தான் வேண்டிவரும். அப்போது இந்த வேலை வீண்தானே? குழல் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்கிறேன்” என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். குழல் போன்ற பாகங்களையும் விருப்பம்போல் வாங்கி மாற்றிவிட முடியாது. அந்தப் பெரியவர் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பெடிங் பிடிப்பது ஆக்‌ஷனை. குழல் மாறினாலும் ஆக்‌ஷன் அதேதானே? புதுக் குழல் பருமனாக இருந்தால் முன்பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், இருக்கை அப்படியே இருக்கும். ஆக்‌ஷனையே மாற்றப் போகிறாய், அல்லது அதைக் கடைந்து திருத்தப் போகிறாய் என்றால் மட்டும் பொறுத்திரு. .22 குழல் பல்லாயிரம் குண்டுகளுக்கு உழைக்கும். அது தேயும்வரை கோணலான இருக்கையில் வைத்தா சுடப்போகிறாய்?”

மருமகன் தலையசைத்தான். திரும்பும் வழியில் பேருந்தில் எனக்குத்தான் மனம் நிலைகொள்ளவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவுக்குப் புதிய பாடத்திட்டம் வரப்போகிறது என்றார்கள். பழைய நூலை வைத்து மக்ரஜ் திருத்தி என்ன பயன், புதியது வந்ததும் முறையாகத் தொடங்கலாம் என்று நான் முடிவு செய்தேன். அதுவரை ஸூராக்களை வேகமாக மனனம் செய்ய வைத்தேன். பாடத்திட்டம் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஓதி முடித்துச் சென்ற பிள்ளைகளில் ஒருவன் பிறகு வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனான். அவனுடைய வாப்பா மௌத்தானபோது ஊருக்கு வந்தான். ஜனாஸா தொழ வைக்க மகனே முன்னால் நிற்கட்டும் என்றேன். அவன் என் காதருகே வந்து, “உஸ்தாத், என் ஃபாத்திஹாவே சரியில்லை. அங்கே ஓர் ஆலிம் சொன்னபிறகுதான் தெரிந்தது. நீங்களே தொழ வையுங்கள்” என்றான்.

ஜனாஸாவின் முதல் தக்பீருக்குப் பின் ஃபாத்திஹா ஓதும் ஷாஃபிஈகள் நாங்கள். பெரிய ‘ஹா’வையும் சிறிய ‘ஹா’வையும் பிரித்து உச்சரிக்க நான் அவனுக்குப் பழக்கியிருக்கவில்லை. அவன் என்னைக் குறைகூறவில்லை. தன் வாப்பாவுக்காக அவன் நிற்க வேண்டிய இடத்தில் அன்று நான் நின்றேன்.

எந்த நூல் வந்தாலும் பிள்ளையின் நாவு அதே நாவுதானே? பாடத்திட்டம் அதன்பின் மேலும் ஒருமுறை மாறிவிட்டது. அன்று நாவைத் திருத்தியிருந்தால் அந்த உழைப்பில் ஓர் எழுத்தும் வீணாகியிராது. இறையச்சத்தின்மீது அடித்தளமிட்ட கட்டடத்தையும், சரிந்துவிழும் கரையோரத்தில் எழுப்பிய கட்டடத்தையும் ஒப்பிடும் ஸூரத்துத் தவ்பாவின் 109ஆம் வசனத்தைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். அது என்னை நோக்கியும் பேசுகிறது என்பது அந்தப் பேருந்தில்தான் உறைத்தது.

மருமகன் பெடிங் செய்துகொண்டான். அதே பழைய குழல்தான். ஐப்பசி மழையில் சுட்டுப் பார்த்துவிட்டு, குண்டுகள் இடம் மாறவில்லை என்று தொலைபேசியில் சொன்னான். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது எங்கள் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதங்கள் எழுத்துகளின் உச்சரிப்பு மட்டுமே. சில பெற்றோர் பொறுமையிழக்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் அந்த மாணவனும் வெள்ளிதோறும் தொலைபேசியில் என்னிடம் ஓதிக் காட்டுகிறான், ஃபாத்திஹாவிலிருந்தே தொடங்கியிருக்கிறோம்.

நாளை மாறப்போகும் ஒன்றைக் காரணம் காட்டி, என்றும் நிலைக்க வேண்டிய ஒன்றைத் தள்ளிப்போடும் பழக்கத்திலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.