பென்சில் கணக்கு

எங்கள் வேளச்சேரி ஃப்ளாட்ஸில் மொத்தம் 16 வீடுகள். சங்கத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் பொருளாளராக இருந்தவர் முதல் மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு வாத்தியார். எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். சம்பளம் ஒரு பைசா கிடையாது. மாதம் பிறந்தால் கையில் ரசீது புத்தகமும் கக்கத்தில் நீள நோட்டுமாக வீடு வீடாகப் படியேறுவார். முழங்கால் வலி வந்த பிறகும் ஏறினார்.

2023-ல் அவருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். "இனிமே யாராவது எடுத்துக்குங்கப்பா" என்றார் பொதுக்குழுவில். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள். "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். (வீட்டில் இருப்பவளுக்கு வேலையே கிடையாது என்று யார்தான் கண்டுபிடித்தார்களோ!)

நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு தவிர வேறு தெரியாது. நோட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்து அலமாரியில் இருந்த பழைய நோட்டுகள் நனைந்து, இங்க் பேனாவில் எழுதியதெல்லாம் நீலமாய்க் கரைந்து கிடந்தது. மொட்டை மாடி ஒழுகலுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள் என்பதே தெரியவில்லை. அங்கங்கே பென்சிலில் எழுதிய சில வரிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. எதற்குப் பென்சிலில் எழுதினார் என்று அப்போது யோசிக்கவில்லை. பேனா கிடைக்காத அவசரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. எங்களுடையது 1975-ம் வருடத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம். வருடா வருடம் வரவு செலவுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். மூன்று வருடமாகப் போகவில்லை. பாங்கில் என் கையெழுத்தைச் சேர்ப்பதற்கே தீர்மான நகல், பதிவுப் பத்திரம், பான் கார்டு என்று நாலு நடை நடந்தேன்.

என் மகள் எக்ஸெல் சொல்லிக் கொடுத்தாள். கேட் பக்கத்தில் சங்கத்துக் கணக்கின் க்யூ.ஆர். அட்டையை ஒட்டினோம். முதல் மாதம் பணம் வந்தது. யார் அனுப்பியது என்றுதான் புரியவில்லை. மாமனார் போனிலிருந்து ஒருவர், தம்பி போனிலிருந்து ஒருவர்! கடைசியில் ஒரு வழி செய்தோம். மாதக் கட்டணம் 2,500 ரூபாயோடு வீட்டு நம்பரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஏழாம் நம்பர் வீடு என்றால் 2,507. அதில் மாதம் 136 ரூபாய் கூடுதலாகச் சேர்ந்து வாட்ச்மேனுக்கு டீச் செலவாகிறது. "ஒண்ணாம் நம்பரை விட நான் ஏன் 15 ரூபாய் அதிகம் கட்டணும்?" என்று பதினாறாம் நம்பர் வீட்டுக்காரர் ஒரு மாதம் சண்டை போட்டார். போகட்டும்.

எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது மாதம், எல்லோருடைய கணக்கையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டியவர்கள் பச்சை, கட்டாதவர்கள் சிவப்பு. சிவப்பில் ஒரே ஒரு வீடு, பதினொன்று.

அன்று சாயங்காலம் பதினொன்றாம் நம்பர் அக்கா வந்தார். சண்டை போடவில்லை. ஒரு கவரை நீட்டினார். "மூணு மாசத்துதும் இருக்கு, எண்ணிக்கோம்மா" என்றார். வாங்கும்போது பார்த்தேன், எப்போதும் போட்டிருக்கும் வளையல் அவர் கையில் இல்லை. நான் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. "காபி சாப்பிடறீங்களா" என்று கேட்டேன் போலிருக்கிறது. அவர் படியிறங்கிவிட்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் சாரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவங்க வீட்டுக்காரருக்கு டயாலிஸிஸ் நடக்குதும்மா, வாரத்துக்கு ரெண்டு தடவை. பையன் பணம் அனுப்பினா மொத்தமா கட்டிடுவாங்க. அதுவரைக்கும் பென்சில்ல எழுதி வைப்பேன். கட்டினப்புறம் அழிச்சுட்டுப் பேனால எழுதிடுவேன். அந்தப் பக்கத்தை யார்கிட்டயும் காட்டினதில்ல."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பென்சில் வரிகளில் ஒரு வருடம் எங்கள் வீட்டு நம்பரும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். என்னவருக்கு வேலை போயிருந்த வருடம் அது. தவறு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

குழுவில் போட்டதை எடுத்துவிட்டேன். எடுத்தால் மட்டும் பார்த்தவர்கள் மறந்துவிடுவார்களா? அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்றார், அவ்வளவுதான்.

இப்போது செலவுக் கணக்கு முழுவதும், மோட்டார் ரிப்பேரிலிருந்து லாரித் தண்ணீர் வரை, பில்லோடு குழுவில் போகிறது. பாக்கி விவரம் அந்தந்த வீட்டுக்கு மட்டும் தனியாகப் போகும். பொதுக்குழுவில் மொத்த பாக்கி இவ்வளவு என்றுதான் படிப்போம். தவணை வேண்டுகிறவர்கள் என்னிடமோ சாரிடமோ சொன்னால் போதும். பதிவாளருக்குப் போக வேண்டிய மூன்று வருடக் கணக்கும் அபராதத்தோடு போய்விட்டது.

சார் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வருவார். கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், கண்ணாடியைத் துடைத்துவிட்டு வரி வரியாய் டிக் போடுவார். போன தீபாவளி மாதம் 90 ரூபாய் தப்பைப் பிடித்துவிட்டார்.

அக்கா பல மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. சென்ற வாரம் படியில் நிறுத்தி, "மோட்டார் காயில் கட்ட இவ்ளோவா? போன தடவை கம்மிதானே?" என்று கேட்டார். உள்ளே போய் பில்லை எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துக்கொண்டு முழுவதும் படித்தார்.